பெயர்கள் ஓடும் நேரம்

2019 ஏப்ரல் கடைசி. ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வெளியான வாரம். சென்னையில் ஒரு தியேட்டரில் இரவுக் காட்சி. மூன்று மணி நேரப் படம் முடிந்து விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள், மீதிப் பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் விஷயம் தெரிந்தவர்கள். மார்வெல் படத்தில் கடைசிப் பெயர் ஓடி முடிந்த பிறகுதான் ‘அந்த’ காட்சி வரும். 2008இல் ‘அயர்ன் மேன்’ முடிவில் நிக் ஃப்யூரி இருட்டிலிருந்து வெளியே வந்து பேசியதிலிருந்து பதினோரு வருடமாக இதுதான் பழக்கம். துடைப்பத்தோடு வந்த அக்கா ஒருவர் வரிசையோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எழுந்தால்தான் அவர் கூட்ட முடியும். நாங்கள் எழவில்லை.

திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் போனை எடுத்து வாட்ஸப்பைப் பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த நண்பன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“என்னடா அப்படிப் பார்க்கற?”

“சும்மாதான். நம்ம பசங்க பேரு யாராச்சும் வருதான்னு.”

அவன் என்னோடு பொறியியல் படித்தவன். கேம்பஸில் கிடைத்த ஐடி வேலைக்குப் போகாமல், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஒரு விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோவில் ரோட்டோ ஆர்ட்டிஸ்டாகச் சேர்ந்தான். ஸ்டூடியோ மாறிப் போன அவனுடைய பழைய சகாக்களைத்தான் அந்தப் பெயர்க் கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தான்.

பெயர்கள் முடிந்தன. காட்சி எதுவும் வரவில்லை. நிறுவனத்தின் சின்னம் தெரிந்தபோது ஒரு சத்தம் மட்டும் கேட்டது. டங், டங், டங். இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். அவ்வளவுதான். “இதுக்கா உக்காந்திருந்தோம்” என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். முதல் ‘அயர்ன் மேன்’ படத்தில் டோனி ஸ்டார்க் கடத்தப்பட்டுக் குகையில் கிடக்கும்போது, கிடைத்த உலோகத்தை அடித்து அடித்துத் தன் முதல் கவசத்தைச் செய்வான். அந்தச் சம்மட்டிச் சத்தம்தான் இது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

இத்தனை வருடம் கழித்து யோசித்தால் வேறொன்று உறுத்துகிறது. ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு எதிரே அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. பெயர்கள் முடிந்ததும் அந்தப் படம் கேட்க வைத்தது, ஒரு மனிதன் வேலை செய்கிற சத்தம். அதையும் இன்னொரு துப்பாக மட்டும்தான் எடுத்துக்கொண்டேன்.

*

நான் ஒரு காலத்தில் தீவிரமான துப்பறிவாளன். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் போஸ்டர், நாயகன் ஓட்டும் வண்டியின் எண், வில்லன் மேஜையில் கிடக்கும் புத்தகம் எல்லாவற்றையும் குறித்து வைப்பேன். பிக்ஸார் படங்களில் ஏ113 என்ற எண்ணைத் தேடுவது ஒரு நோன்பு மாதிரி இருந்தது. ‘டாய் ஸ்டோரி’யில் அது ஆண்டியின் அம்மா ஓட்டும் காரின் நம்பர் பிளேட். ‘ஃபைண்டிங் நீமோ’வில் முக்குளிப்பவரின் கேமராவில் இருக்கும். ‘வால்-ஈ’யில் கப்பலுக்கு வரும் ரகசிய ஆணையின் எண். ‘பிரேவ்’ படத்தின் கதை பழங்காலத்தில் நடக்கிறது என்பதால் சூனியக்காரியின் குடிலில் ரோமன் எண்ணாகச் செதுக்கியிருப்பார்கள். கலிபோர்னியாவில் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் அனிமேஷன் படித்தவர்களின் வகுப்பறை எண் அது. ஜான் லாசெட்டர், பிராட் பேர்ட் எல்லாம் அந்த அறையில் உட்கார்ந்து படித்தவர்கள்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. கண்ணாமூச்சி விளையாட்டில் கண்டுபிடிக்கிறவனுக்கும் சந்தோஷம், ஒளிந்திருக்கிறவனுக்கும் சந்தோஷம். எனக்குச் சிக்கல் வந்தது 2022 ஜூன் மாதத்தில்.

லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ வெளியாவதற்கு முந்தைய நாள், தன்னுடைய ‘கைதி’யை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று இயக்குநரே கேட்டுக்கொண்டார். இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? அன்று ராத்திரி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 2019 தீபாவளிக்கு ‘கைதி’யைத் தியேட்டரில் பார்த்தபோது, பிறந்ததிலிருந்து தான் பார்த்தேயிராத மகளைப் பார்க்கத் துடிக்கும் டில்லி வாய் திறந்து தன் கதையைச் சொல்லும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. பாட்டு கிடையாது, கதாநாயகி கிடையாது, ஒரே ராத்திரி. அந்தப் படத்தின் லாரி அவ்வளவு எடையையும் இழுத்துக்கொண்டு ஓடியது மகள் என்கிற அந்த ஒரு புள்ளியை நோக்கித்தான்.

இந்த முறை, மகள் வரும் இடங்களை நான் ஓட்டிவிட்டேன். அடைக்கலம் யார், அன்பு என்ன ஆனான், பிஜாய் கடைசியில் எங்கே போகிறார் என்பதுதான் எனக்குத் தேவைப்பட்டது. அனாதை இல்லத்துச் சிறுமியிடம் ‘விக்ரம்’ படத்துக்கான துப்பு எதுவும் இருக்காது இல்லையா? படம் முடிந்து நோட்டை மூடும்போதுதான் உறைத்தது. ஒரு அப்பாவும் மகளும் சந்திக்கும் காட்சியை ‘தேவையில்லாத பகுதி’ என்று தாண்டியிருக்கிறேன்.

மறுநாள் ‘விக்ரம்’ பார்த்தேன். ரோலக்ஸ் வந்தபோது நானும் விசில் அடித்தேன். அடுத்த வருடம் ‘லியோ’வில் ‘கைதி’யின் கான்ஸ்டபிள் நெப்போலியன் வந்து நின்றபோதும் அடித்தேன். அதிலும் இரண்டாவது விசில் மனசார அடித்தது. எத்தனையோ படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் வந்து போன ஜார்ஜ் மரியானுக்கு ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குப் பெயரோடு நடந்து வரும் உரிமை கிடைத்ததே. அந்த வகையில் இந்த ‘யூனிவர்ஸ்’ விளையாட்டுக்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் ‘லியோ’வின் முடிவில் தொலைபேசியில் விக்ரமின் குரல் கேட்கும்போது, அதுவரை இரண்டரை மணி நேரமாக ஓடிய பார்த்திபனின் வாழ்க்கை எனக்குச் சட்டென்று ஒரு முன்னோட்டம் மாதிரி சுருங்கிவிட்டது. முன்பொரு நாள் கொலைகாரனாக இருந்த ஒருவன் தன் மனைவியின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பான் என்பதுதான் அந்தக் கதையின் கேள்வி. தொடக்கத்திலேயே படம் நன்றி சொல்லிவிடும் குரோனன்பெர்க்கின் ‘எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்’ அந்தக் கேள்வியோடு சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் முடியும். இங்கே போன் மணி அடிக்கிறது. நாம் அடுத்த படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே பார்க்கிங்குக்கு நடக்கிறோம்.

*

‘ஈஸ்டர் எக்’ என்ற சொல் சினிமாவில் பிறந்ததில்லை. அது எங்கள் ஆட்கள் செய்த வேலை. மென்பொருள்காரர்கள்.

1970களின் கடைசியில் அடாரி நிறுவனத்தில் வாரன் ராபினெட் என்ற நிரலாளர் ‘அட்வெஞ்சர்’ என்றொரு வீடியோ கேமை எழுதினார். அப்போதெல்லாம் ஒரு கேமை ஒரே ஆள்தான் யோசித்து, வரைந்து, நிரல் எழுதி முடிப்பார். ஆனால் பெட்டியின் மேல் அவர் பெயர் இருக்காது. பெயர் தெரிந்தால் போட்டி நிறுவனங்கள் ஆளைத் தூக்கிவிடும் என்பதிலிருந்து, பெயர் வந்தால் சம்பளம் கூடக் கேட்பான் என்பதுவரை அதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. எத்தனை கேசட் விற்றாலும் சம்பளத்துக்கு மேல் ஒரு காசு கிடையாது. இந்த எரிச்சலில் அங்கிருந்து நான்கு பேர் வெளியேறி 1979இல் ஆரம்பித்த நிறுவனம்தான் ஆக்டிவிஷன்.

ராபினெட் வேறு வழியில் போனார். கேமுக்குள் ஓர் அறையின் சுவரில், பின்னணியின் நிறத்திலேயே ஒற்றைப் புள்ளி ஒன்றை ஒளித்து வைத்தார். கண்ணுக்குத் தெரியாது. தடவித் தடவி அதைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு சரியான இடத்துக்குப் போனால் ஒரு சுவர் வழிவிடும். உள்ளே ரகசிய அறை. அந்த அறையில் புதையல் இல்லை, டிராகன் இல்லை. ‘இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட்’ என்று மேலிருந்து கீழாக எழுதியிருக்கும். அவ்வளவுதான். மேலாளர்களுக்கும் தெரியாது, கூட வேலை பார்த்தவர்களுக்கும் தெரியாது. அவர் வேலையை விட்டுப் போன பிறகு, கேமை விளையாடிய ஒரு பையன் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் போட்டான். திருத்துவதற்குச் செலவாகும் என்று யோசித்தபோது ஸ்டீவ் ரைட் என்ற மேலாளர், இது நல்லதுதானே, ஈஸ்டர் பண்டிகைக்குத் தோட்டத்தில் முட்டையை ஒளித்து வைத்துக் குழந்தைகளைத் தேடச் சொல்வது மாதிரி இருக்கட்டும் என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்படிப் பெயரை ஒளித்து வைத்தவர்கள் ராபினெட்டுக்கு முன்பும் உண்டு. ஆனால் ‘ஈஸ்டர் எக்’ என்ற சொல் இந்த அறையிலிருந்துதான் வந்தது.

இந்தக் கதையை முதன்முதலாகப் படித்தபோது ராத்திரி தூக்கம் வரவில்லை. நானும் பதினைந்து வருடமாக நிரல் எழுதுகிறேன். நான் எழுதியது எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. எதிலும் என் பெயர் இல்லை. எங்கள் தொழிலில் எந்த வரியை யார் எழுதினார் என்று பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது. அதன் பெயர் ‘கிட் பிளேம்’. பிளேம் என்றால் குற்றம் சாட்டுவது. ஏதாவது உடைந்தால்தான் எங்கள் பெயர் தேடப்படும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வங்கி மென்பொருளைச் சோதிப்பதற்கான மாதிரித் தகவல்களில் எங்கள் அப்பத்தாவின் பெயரையும் ஊரையும் போட்டு ஒரு வாடிக்கையாளரை உருவாக்கினேன். வாழ்நாளில் வங்கிக் கணக்கே இல்லாமல் செத்துப்போனவள். மூன்று வருடம் அவள் அந்தத் தகவல்களுக்குள் கணக்கு வைத்து, கடன் வாங்கி, வட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு யாரோ சுத்தம் செய்யும்போது அழித்துவிட்டார்கள். அழித்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. அது ஏன் அங்கே இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஏன் ஒளித்து வைத்தார்கள்? எந்த மறைகுறிப்பைப் பார்த்தாலும் நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான். என்ன ஒளிந்திருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

நம் மரபுக்கு இது புதிதில்லை. தொல்காப்பியம் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பேசுவது இதைத்தான். மருதத் திணைப் பாட்டில் எருமை வயலுக்குள் புகுந்து பூக்களை மிதித்துக்கொண்டு நிற்கும். அது எருமையைப் பற்றிய தகவல் இல்லை. பரத்தையிடம் போய்விட்டு வந்து நிற்கும் தலைவனிடம் தோழி நேரடியாகச் சொல்ல முடியாததைச் சொல்கிறாள். சொல்லித் தீர வேண்டும், ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் எருமை வருகிறது. மறைப்பதற்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருக்கிறது. உரையாசிரியர் அதைத் திறந்து காட்டும்போது நமக்குக் கிடைப்பது பொது அறிவு இல்லை, ஒரு பெண்ணின் வலி.

ராபினெட்டுக்கும் நெருக்கடி இருந்தது. பெயர் போட அனுமதி இல்லை, அதனால் ஒளித்தார். இன்றைய பெரிய படங்களின் மறைகுறிப்புக்குப் பெரும்பாலும் அப்படி ஒரு நெருக்கடி கிடையாது. நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக, நாம் கண்டுபிடிப்போம் என்று தெரிந்தே, வெள்ளிக்கிழமை கண்டுபிடித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் பத்துப் பேருக்குச் சொல்வோம் என்ற கணக்கோடு வைக்கப்படுகிறது. முட்டையை ஒளிப்பவரும் கடைக்காரர், கூடையை விற்பவரும் கடைக்காரர்.

ராபினெட்டின் அறைக்கு நேர்ந்ததே இதற்கு நல்ல உதாரணம். 2018இல் ஸ்பீல்பெர்க் ‘ரெடி பிளேயர் ஒன்’ எடுத்தார். அதில் ஒரு மெய்நிகர் உலகத்தைப் படைத்துவிட்டுச் சாகும் ஹாலிடே, அதற்குள் ஒரு முட்டையை ஒளித்து வைத்திருக்கிறான். கண்டுபிடிப்பவனுக்கு அந்த உலகமே சொந்தம். கடைசிப் போட்டி இதே ‘அட்வெஞ்சர்’ கேம்தான். எல்லோரும் ஜெயிக்கப் பார்த்துத் தோற்கிறார்கள். ஜெயிக்கத் தேவையில்லை, அந்தப் புள்ளியைத் தேடி அந்தப் பெயர் இருக்கும் அறைக்குப் போனால் போதும் என்று நாயகனுக்கு மட்டும் புரிகிறது. அழகான முடிவு. ஒரு தொழிலாளியின் கையெழுத்துதான் புதையல் என்று ஒரு பெரிய படம் சொல்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் கிங் காங், அயர்ன் ஜெயண்ட், ‘தி ஷைனிங்’ படத்தின் விடுதி என்று எத்தனை பேரின் உழைப்பு வெறும் அலங்காரப் பொம்மையாக ஓடிவிடுகிறது! படத்தில் வரும் வில்லன் நிறுவனம், கடனில் சிக்கியவர்களை அடிமை வேலைக்கு வைக்கிறது, சம்பளத்துக்கு ஆள் வைத்து முட்டை தேடுகிறது. நாம் சம்பளமே வாங்காமல் அதே வேலையைச் செய்துகொண்டு அந்தப் படத்தைப் பார்த்தோம். நான் என் பட்டியலில் எழுபதைத் தாண்டியிருந்தேன்.

*

திரைக்குப் பின்னால் நடந்த கதைகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். மென்பொருள் அலுவலகங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு கதை சொல்வார்கள். 1998இல் ‘டாய் ஸ்டோரி 2’ தயாரிப்பில் இருந்தபோது யாரோ ஒருவர் தவறான இடத்தில் ஒரு அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வுடியின் தொப்பி போனது, பூட்ஸ் போனது, பிறகு வுடியே போனான். பிரதி எடுத்து வைத்திருந்ததைத் தேடினால் அதுவும் ஒரு மாதமாகச் சரியாக வேலை செய்யவில்லை. கடைசியில் படத்தைக் காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர். அவர் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போலக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நீதி: தினமும் பேக்கப் எடுங்கள். எல்லோரும் சிரிப்போம்.

ஏன் அந்தப் பிரதி அவர் வீட்டில் இருந்தது? அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைக் காப்பாற்றியது தற்செயல் என்று சொல்லிச் சிரிக்கிறோம். அது தற்செயல் இல்லை, ஒரு தாயின் கூடுதல் உழைப்பு. இத்தனை பாடுபட்டு மீட்ட படத்தையும் கதை சரியில்லை என்று பெரும்பாலும் தூக்கிப்போட்டுவிட்டு, ஒன்பதே மாதத்தில் மறுபடி செய்து 1999இல் வெளியிட்டார்கள். கதையின் கடைசிப் பகுதியை அலுவலகத்தில் யாரும் சொல்வதில்லை. 2023இல் பிக்ஸார் ஆட்குறைப்பு செய்தபோது வெளியேற்றப்பட்டவர்களில் கேலின் சஸ்மனும் ஒருவர்.

அதே 2023 ஜூனில்தான் ‘ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்’ வந்தது. ஒரு சட்டகத்தில் பத்து ஸ்பைடர்-மேன், ஒவ்வொருவரும் ஒரு பழைய காமிக்ஸிலிருந்து வந்தவர். நம் பவித்ர பிரபாகர்கூட இருக்கிறான். துப்பறிவாளர்களுக்கு அது திருவிழா. அதே மாதம் வல்ச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. பெயர் சொல்ல விரும்பாத நான்கு கலைஞர்கள் பேசியிருந்தார்கள். முடிந்த வேலையைத் திரும்பத் திரும்ப மாற்றச் சொன்னது, நாள் கணக்கில்லாமல் நீண்ட வேலை நேரம், தாங்க முடியாமல் சுமார் 100 பேர் பாதியில் விலகியது எல்லாம் அதில் இருந்தது. அந்தப் படம் எனக்கு மிகவும் பிடித்த படம், இன்றும் பிடிக்கும். ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு பின்னணியில் ஓடும் எந்தக் குட்டி ஸ்பைடர்-மேனைப் பார்த்தாலும், இதை எத்தனையாவது முறை வரைந்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. இதுவும் ஒரு மறைகுறிப்பு. ஒளித்து வைத்தவர்கள் நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்று விரும்பாத மறைகுறிப்பு.

*

அப்படியானால் இதையெல்லாம் தெரிந்துகொள்ளவே கூடாதா? தெரிந்துகொள்ள வேண்டும். எது தெரிந்தால் காட்சி பெரிதாகிறது, எது தெரிந்தால் காட்சி முடிந்துபோகிறது என்பதுதான் வித்தியாசம்.

‘விக்ரம்’ படத்துக்கே திரும்பி வருகிறேன். அந்தப் படத்தில் எனக்கு இன்றைக்கும் மிச்சமிருப்பது ரோலக்ஸ் இல்லை, ஏஜென்ட் டீனா. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேலை செய்யும் அம்மாவாக, படம் முழுக்கச் சட்டகத்தின் ஓரத்தில் நடமாடிக்கொண்டிருப்பார். அடியாட்கள் வீட்டுக்குள் புகும்போது, கையில் கிடைத்த முள்கரண்டியோடு திரும்பி நிற்பார். தியேட்டர் அலறியது. அந்த வேடத்தில் நடித்த வசந்தி பல வருடங்கள் நடனக் கலைஞராகவும் உதவி நடன இயக்குநராகவும் வேலை பார்த்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. நாயகிகளுக்குப் பின்னால் ஆடியவர், கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்று அசைவு சொல்லிக் கொடுத்தவர். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியைப் பாருங்கள். ஓரத்தில் நின்றவள் நடுவுக்கு வருவது கதையிலும் நடக்கிறது, கதைக்கு வெளியிலும் நடக்கிறது. தெரியாதவருக்கும் விசில் வரும், தெரிந்தவருக்குக் கண்ணும் கலங்கும். அடுத்த படம் எதையும் அது விற்கவில்லை.

‘மஞ்சும்மல் பாய்ஸ்’ (2024) இன்னும் பெரிய உதாரணம். 2006இல் கேரளத்திலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவன் குகைப் பள்ளத்தில் விழுந்ததும், இன்னொருவன் இறங்கி மீட்டதும் உண்மைச் சம்பவம். அந்த இடத்தின் பழைய பெயர் டெவில்ஸ் கிச்சன். கமல்ஹாசனின் ‘குணா’ (1991) அங்கே எடுக்கப்பட்ட பிறகு ஊரே அதைக் குணா குகை என்றுதான் சொல்கிறது. அதாவது ஒரு சினிமா மேற்கோள் ஏற்கெனவே நிலத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரைப் பார்க்கத்தான் பையன்களே போகிறார்கள். இயக்குநர் சிதம்பரம் ‘கண்மணி அன்போடு காதலன்’ பாட்டை எடுத்துக் கையாளும் விதம்தான் விசேஷம். ‘குணா’வில் அது மனம் பிறழ்ந்த ஒருவன் சொல்லச் சொல்ல ஒரு பெண் எழுதிப் பாடும் காதல் கடிதம். இங்கே பெண்ணே இல்லை. இருட்டுக்குள்ளிருந்து நண்பனைக் கட்டிக்கொண்டு ஒருவன் மேலே வருகிறான், மேலே மற்றவர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். படத்தின் ஆரம்பத்தில் வேடிக்கையாக வந்த கயிறு இழுக்கும் போட்டி அங்கே உயிர்ப் போட்டியாகிறது. பாட்டு எழும்போது, முப்பது வருடமாக ஒரு பைத்தியக்காரனின் காதல் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது நட்பாக மாறுகிறது. ‘குணா’ பார்த்தேயிராத என் தங்கை மகன் கைதட்டினான். ‘குணா’வை வீடியோ கேசட்டில் தேய்த்த என் மாமா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார். இருவருக்கும் அந்தக் காட்சி ஒன்றுதான், ஆழம்தான் வேறு வேறு.

அந்தக் குகையின் பெரும்பகுதி பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் போட்ட செட் என்பது தெரிந்தபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை. கலை இயக்குநர் அஜயன் சாலிசேரியின் ஆட்கள் பாறையைக் கையால் செய்திருக்கிறார்கள் என்று மறுபடி போய்ப் பார்த்தேன். ஈரம்கூட ஒழுகியது.

பாட்டுக்காகப் பின்னால் வழக்கறிஞர் நோட்டீஸும் வந்தது. நன்றி என்று பெயர் போட்டால் மட்டும் அனுமதி ஆகிவிடாது என்றது இளையராஜா தரப்பு. உரிமை வைத்திருப்பவர்களிடம் முறையாக வாங்கினோம் என்றது தயாரிப்புத் தரப்பு. யார் சரி என்பது சட்டம் தெரிந்தவர்களின் வேலை. எனக்கு அது ராபினெட்டின் அறையை ஞாபகப்படுத்தியது. இதைச் செய்தது யார், அவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்ற கேள்விக்கு நாற்பது வருடம் கழித்தும் வயதாகவில்லை.

*

அந்த நண்பன் 2021இல் விஎஃப்எக்ஸ் வேலையை விட்டுவிட்டான். கண்ணும் முதுகும் போனதுதான் மிச்சம் என்பான். இப்போது மதுரையில் மாமனாரின் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்கிறான். போன பொங்கலுக்கு அவன் வீட்டில் தங்கியிருந்தேன். ராத்திரி ஓடிடியில் ஒரு படம் போட்டான். “இதுல நான் நாலு மாசம் உழைச்சிருக்கேன்” என்றான்.

படம் முடிந்ததும் வழக்கம்போலப் பெயர்கள் ஒரு மூலைக்குச் சுருங்கின. அடுத்து இந்தப் படம், ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தது. நான் பாய்ந்து ரிமோட்டைப் பிடுங்கிப் பெயர்களைப் பெரிதாக்கினேன். இந்த முறை ஒரு வரி விடாமல் படித்தேன். அவன் ஸ்டூடியோவின் பெயர் வந்தது. அதற்குக் கீழே நாலைந்து மேலாளர்களின் பெயர்கள். பிறகு அடுத்த ஸ்டூடியோ.

“உன் பேரு எங்கடா?”

“அதெல்லாம் போடமாட்டாங்க. அவ்ளோ பேர போட்டா படத்த விட லிஸ்ட் பெருசாயிரும்.”

சொல்லிவிட்டு ரிமோட்டை வாங்கினான். படத்தைப் பின்னால் ஓட்டினான். இடைவேளைக்கு முன்னால் ஒரு சண்டை. நாயகன் மாடியிலிருந்து குதிக்கிறான். வினாடிக்கு 24 சட்டகம், குதிப்பது இரண்டு வினாடி. ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினான். ரோட்டோவில் இருந்தாலும் ஆள் பற்றாத நேரத்தில் கயிறு அழிக்கும் வேலையையும் இவன் தலையில் கட்டுவார்களாம்.

“இங்க ரெண்டு கயிறு இருந்துச்சு. ஒண்ணு அவன் இடுப்புலேர்ந்து, இன்னொண்ணு தோள்லேர்ந்து. பின்னாடி செங்கல் சுவரு வேற. ஒவ்வொரு செங்கலா ஒட்ட வச்சேன். எட்டு தடவ திருப்பி அனுப்பினாங்க.”

எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். எத்தனை ஆயிரம் முறை படத்தை நிறுத்திப் பார்த்திருப்பேன், இப்படி ஒன்றை ஒருமுறைகூடத் தேடியதில்லை. செங்கல் சுவர். அதன் மேல் சாயங்கால வெயில். அந்தரத்தில் ஒரு ஆள்.

“ஒண்ணுமே தெரியலயேடா” என்றேன்.

“தெரியக்கூடாதுல்ல” என்றான்.